மாப்பிள்ளை கொண்டுவந்த கரடி முடி

நான் கரடிகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவன். கர்நாடகத்தில், மீட்கப்பட்ட கரடிகளுக்கென்று இருக்கும் ஒரு காப்பகத்தில் வேலை. கேழ்வரகுக் கூழும் தேனும் என் இலாகா. சாயல்குடியில் என் அம்மா இதை வெளியே சொல்லமாட்டார். "பெரிய இடத்துல சமையல் மாஸ்டர்" என்பார். பெரிய இடம்தான். என் சமையலில் இதுவரை யாரும் உப்புக் குறை சொன்னதில்லை.

திருப்புல்லாணிக்குப் பெண் பார்க்கப் போனோம். கேசரித் தட்டை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள் பெண். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பா, "யாருக்குத் தம்பி சமைக்கிறீக?" என்று கேட்டார். அவள் முன்னால் பொய் வரவில்லை. "கரடிக்கு" என்றேன். அம்மா என் காலை மிதித்தார்.

எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தால், மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் கேசரி வையி!" அவருடைய பேரன் தூக்கத்தில் அலறுகிறானாம். கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டினால் பயம் தெளியுமாம். ஊருக்குள் கரடிக்காரன் வருவதுதான் நின்றுபோயிற்றே. "அடுத்த தடவ நாலு முடி கொண்டாங்க தம்பி. அன்னைக்கே நிச்சயம் பண்ணிருவோம்."

அந்தக் கரடிக்காரர்களிடமிருந்து மீட்டவைதான் எங்கள் கரடிகள். மூக்கில் துளை போட்டுக் கயிறு கோத்து ஆடவிட்டு, தாயத்துக்கு முடியையும் பிடுங்கி விற்றிருக்கிறார்கள். முதுகுப் பக்கம் யாராவது கையை நீட்டினால் எங்கள் கிழட்டுக் கரடி இன்றும் நடுங்கும். அதனிடம் போய், "எனக்குக் கல்யாணம், நாலு முடி கொடு" என்று கேட்க முடியுமா? உதிர்ந்ததைப் பொறுக்கவும் மனம் வரவில்லை. பெண்ணை விடவும் மனம் வரவில்லை.

அடுத்த லீவில் முற்றம் கூட்டுகிற பனந்தும்பு விளக்குமாற்றிலிருந்து நாலு நாரை உருவினேன். கறுப்பு, முரடு, அசல் கரடி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். நான் நாலோடு நிறுத்திக்கொண்டேன். வெற்றிலையில் மடித்துக் கொடுத்தேன். அவளுடைய அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினார். விளக்குமாற்றுக்குத் தீபாராதனை நடக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கும் ரெண்டு வேணும்" என்றார்.

பிறகு எங்களைத் தனியாகப் பேசச் சொல்லிக் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். அவள் மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றைக் காட்டினாள். "அந்த அக்காவுக்கு வேணும்னா இங்கன நெறையா இருக்கு."

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். கயிறு, மூக்கு, கிழட்டுக் கரடியின் நடுக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "உங்க அய்யாகிட்ட நானே சொல்லிருறேன்" என்று திரும்பினேன்.

"சும்மா இருங்க" என்றாள். "நெசமாவே புடுங்கிக் கொண்டாந்துட்டா, இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லணுமேன்னு நான் இத்தன நாளாப் பயந்துகிட்டுல்ல கெடந்தேன்."