இரண்டாம் முறை ஓட்டுக் கேட்டபோது

பஞ்சாயத்து போர்டுக்கு நான் முதல் முறை நின்றபோது எனக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே, காட்டை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. கேழ்வரகும் நிலக்கடலையும்தான் வெள்ளாமை. மெம்பர் ஆனதும் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கட்டடத்தைப் பழுது பார்ப்பதும், வாத்தியாருக்கு வேண்டியதை போர்டில் சொல்லி வாங்கித் தருவதும் என் வேலை.

பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை. மண்சுவர், நாட்டு ஓடு. வாத்தியாரும் ஒருவர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கிறிஸ்தவர், குடும்பம் இல்லாதவர், அதிகம் பேசமாட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பேச்சுப் பேசுகிற பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பாடம் சொன்னார்.

ஆடி மாதம் ஒருநாள் சந்தையில் என்னைப் பார்த்து, "மெம்பர் சார், மேற்குச் சுவத்துல விரிசல் விட்டிருக்குங்க. கை உள்ள போவுது" என்றார். பார்க்கலாம் என்றேன். புரட்டாசியில் என் களத்துக்கே வந்து மறுபடியும் சொன்னார். நான் அப்போது கடலை பிடுங்குவதில் இருந்தேன். "இந்த வேல முடியட்டுங்க வாத்தியாரே, ஆளுங்களக் கூட்டிட்டு வர்ரன்" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. செய்யத்தான் நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் வெயில் வந்துவிட்டதென்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். பதினோரு மணி இருக்கும், மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் அடியில் மாட்டிக்கொண்டாள். வாத்தியார் வெறும் கையால் மண்ணைத் தோண்டி அவளை வெளியே எடுத்தார். என் வண்டியில் படுக்க வைத்து, மாட்டை நானே ஓட்டிக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் தகப்பன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் அவன், "அண்ணா, மெதுவா ஓட்டுங்க, இனி அவசரமில்ல" என்றான்.

பத்து நாள் கழித்து பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் டெப்டி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். ஊரே கூடி நின்றது. சுவர் அப்படி இருந்ததை ஏன் யாருக்கும் தெரிவிக்கவில்லை என்று வாத்தியாரைக் கேட்டார்.

"மெம்பர்கிட்ட சொன்னேன் சார். ரெண்டு தடவ."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். இறந்த பெண்ணின் தாய் எனக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குச் சொன்னதா ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். மறுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எழுதி எதுவும் கொடுத்தீரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவரை அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்கு மாற்றினார்கள். காய்ச்சல் காடு என்று பெயர் எடுத்த இடம் அது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஊரைவிட்டுப் போன அன்று, அந்தத் தாய் தெருவில் ஓடிவந்து மண்ணை வாரி அவர் முதுகில் எறிந்தாள். பிள்ளையைத் தின்றவன் என்று கத்தினாள். நான் கோயில் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்தல் வந்தபோது எதிராக ஒருவர் நின்றார். பள்ளிக்கூடம் இருந்த நிலம் அவருடைய அப்பா கொடுத்தது. சுவர் விழுந்ததிலிருந்து பிள்ளைகள் புளியமரத்தடியில்தான் படித்தார்கள். அந்த மனையைத் திரும்ப வாங்கிக் கடலை மண்டி போட வேண்டும் என்பது அவர் எண்ணம். "கொழந்தைங்கள கொல்ற பள்ளிக்கூடம் நமக்கு எதுக்கு?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார்.

எனக்கு ஓட்டுக் கேட்க வந்தவன் அந்தப் பெண்ணின் தகப்பன்.

நான் கூப்பிடவில்லை. அவனாகவே விடியற்காலை வந்து வாசலில் நின்றான். தெலுங்குக்காரர் தெரு முழுக்க என்னை அழைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுதான்: என் மகளை இந்த அண்ணன் தன் கையாலே தூக்கினார், சொந்த மாட்டை அடித்து ஓட்டிக்கொண்டு போனார், குடைப் பெட்டியில் போடுங்கள். ஆளுக்கு ஒரு ஓட்டுப் பெட்டி, என் சின்னம் குடை. கேட்ட பெண்கள் அழுதார்கள். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். எட்டு நாள் இப்படி நடந்தது. வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். என் மனைவி வெயில் என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்தாள்.

ஓட்டுக்கு முதல் நாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஏர்க்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். மனைவி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இளைய மகள் பக்கத்தில் இருந்தாள், ஐந்து வயது இருக்கும்.

"அந்தச் சுவத்தப் பத்தி வாத்தியாரு எங்கிட்ட சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நாந்தான் தள்ளிப் போட்டன். விசாரணையில பொய் சொன்னன்" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவன் கயிற்றை விடவில்லை. முறுக்கிக்கொண்டே இருந்தான். முறம் நின்றுவிட்டது. அவன் மனைவி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், எனக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

"நான் அந்த மனுசன் மேல மண்ண வாரி எறிஞ்சனே. அவுரு திரும்பிக்கூடப் பாக்கல. நீ அங்கதான நின்னிருந்த?"

"ஆமா."

"நின்னு பாத்த."

"ஆமா தாயி."

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கயிற்றைக் கீழே வைத்தான். "இத எதுக்குண்ணா இன்னிக்கி வந்து சொல்றீங்க? நாளைக்கி நாங்க என்ன பண்றது? உங்களுக்குப் போடலன்னா அந்தாளு மனைய எடுத்துக்குவாரு. ஊருல பள்ளிக்கூடமே இருக்காது. எம்மவ செத்ததுக்கு அது வேறயா?"

எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சாவடியில் வரிசை நின்றது. புருஷனும் மனைவியும் வந்தார்கள். என் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நடந்தார்கள். அவன் எட்டு நாள் சுற்றிக் கேட்ட தெரு குடைக்குத்தான் போட்டிருந்தது. ஜெயித்தேன். மாலை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செங்கல் சுவர் வைத்துப் பள்ளிக்கூடத்தைக் கட்ட ஒரு வருஷம் ஆனது. புது வாத்தியார் வந்தார். அந்த இளைய மகளை அவர்கள் கடைசிவரை அனுப்பவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, புது வாத்தியார் போய்க் கேட்டார். "சுவரு நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் தாய் சொன்னாளாம்.

நடந்ததை எல்லாம் எழுதி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. பிறகு ஒருநாள் பஸ் ஏறி அஞ்செட்டிக்குப் போய், அங்கிருந்து ஏழு மைல் நடந்தேன். வாத்தியார் இளைத்துப் போயிருந்தார். காய்ச்சலில் கண் மஞ்சளாகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சுவர் கட்டியாச்சுங்களா?" என்று கேட்டார்.

"கட்டியாச்சுங்க. ஆபீசுக்கும் உண்மைய எழுதிட்டன்."

"எழுதுனது இருக்கட்டும்" என்றார் அவர். "அன்னிக்கி அந்தம்மா எதிர்ல சொல்லியிருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அன்று திரும்பும் பஸ் சாயங்காலம்தான். வெயில் தாழும்வரை கொட்டகைக்கு வெளியே ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு பையனிடம் தண்ணீர் கொடுத்தனுப்பினார். அவர் வெளியே வரவில்லை.