ஆறாவது ஆளாக உட்கார்ந்த சஹன்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கதிரை வந்து இறங்கியதிலிருந்துதான் அந்தக் கதை தொடங்கியது. கறுப்பு நிறம், உட்கார்ந்தபடி சுழலும் கதிரை. அதற்கு முந்திய வாரம்தான் பணிப்பாளர் தன் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடி அடித்து ஒரு சின்ன அறை எடுத்திருந்தார். கதிரை பொலித்தீன் உறையோடு அதற்குள் போனது. யாருக்கென்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் மற்ற எல்லாரும் சொன்னார்கள்.

நாங்கள் செய்வது இறால் பண்ணைகளுக்கான ஒரு கருவி. பண்ணைக் குளத்தில் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் பண்ணைக்காரரின் ஃபோனில் அலாரம் அடிக்கும். புத்தளத்தில் ஒரு கடைக்கு மேலே ஒரு மாடி, பதினான்கு பேர், அவ்வளவுதான் கொம்பனி. இதே வேலையைச் செய்யும் இன்னொரு கொம்பனி சிலாபத்தில் இருக்கிறது. நடுவில் கிடக்கும் முந்தல் பண்ணைகளுக்காக இரண்டு பக்கமும் இழுபறி. பண்ணைக்காரரோடு கதைப்பதும், கருவி பொருத்துவதும், பழுது பார்க்க ஆளனுப்புவதும் என் பிரிவு. சிலாபத்துக் கருவி வைத்திருப்பவர்கூட அலாரம் நிற்கவில்லை என்று எனக்கு அழைப்பார். நானும் வழி சொல்வேன். இறாலுக்குக் கொம்பனி தெரியாது, மூச்சு முட்டினால் செத்துப்போகும்.

பழைய பொறுப்பாளர் கட்டாருக்குப் போனபோது, கொஞ்ச நாளைக்குப் பாருங்கள் என்று பணிப்பாளர் என்னிடம் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. என் பெயருக்குக் கீழே தற்காலிகம் என்ற பொருளில் ‘பதில் கடமை’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு கழல மறுத்தன.

சிலாபக் கொம்பனியின் செயற்பாட்டுத் தலைவியை அந்தப் பொறுப்புக்கு எங்கள் பணிப்பாளர் இழுக்கப்போகிறார் என்று முதலில் சொன்னது வரவேற்பில் இருக்கும் பிள்ளை. சிலாபத்தில் ஒரு ஹோட்டல் வாசலில் இருவருடைய காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றனவாம். வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. மென்பொருள் எழுதும் தம்பி அந்தப் பெண்ணின் இணையப் பக்கத்தைத் தோண்டி, படம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். பழைய படத்தில் கழுத்தில் கொம்பனி அட்டை தொங்கியது, புதியதில் இல்லை. ஒரு பகல் சாப்பாடு முழுக்க அந்த அட்டையைப் பற்றியே போனது. புது அபாயாவுக்கு அட்டை எடுப்பாக இருக்காது என்று கழற்றியிருக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் நானும் சேர்ந்து தலையாட்டினேன். அந்தக் கதிரையில் எனக்கும் ஒரு கண் இருந்ததை யாருக்கும் காட்ட விருப்பமில்லை.

பணிப்பாளரிடமே போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எங்கள் வீட்டில் கேட்கும் பழக்கம் இல்லை. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் போல மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு புத்தளம் வந்த குடும்பம் எங்களுடையது. நான் அதற்குப் பிறகு இங்கேயே பிறந்தவள். உம்மா அப்போது என் அண்ணனை, நானாவை, இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசைகளில் நின்றிருக்கிறார். தண்ணீருக்கு, அரிசிக்கு, ஒரு பாய்க்கு. சொந்தமாகக் கூரை போட்ட அன்று, இனி ஆரிடமும் எதையும் கேட்பதில்லை என்று சொன்னாராம். அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். சாப்பாட்டில் கைக்கெட்டாத தூரத்தில் சம்பல் இருந்தால், அதில்லாமலே சாப்பிட்டு எழும்பிவிடுவார். நாங்களும் அவரைப் பார்த்து வளர்ந்தோம். நன்றாக வேலை செய்தால் தருகிறவர் கண்ணுக்குத் தெரியும், தந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

அந்த நாட்களில்தான் எங்கள் சாரதியின் மகளுக்குக் கற்பிட்டியில் வலீமா, கல்யாண விருந்து. பெண்கள் பக்கத்துக்குள் நுழைந்தவுடன் வரவேற்புப் பிள்ளை என் கையைக் கிள்ளினாள். சிலாபத்துத் தலைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இனி என்ன அத்தாட்சி வேண்டும், இப்போதே எங்கள் சாரதி வீட்டு விருந்துக்கு வந்துவிட்டாரே என்று எங்களவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அவர் சாரதியின் மனைவிக்குச் சாச்சி மகள் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கரையில் யாரைத் தொட்டாலும் யாருக்கோ சொந்தம் என்று தெரிந்தும், அன்று ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

எங்கள் விருந்துகளில் ஒரு சஹனுக்கு ஆறு பேர். நடுவில் பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர், எல்லாருடைய கையும் ஒரே சோற்றில். ஆறு நிறையும்வரை மூடியைத் திறக்கமாட்டார்கள். பரிமாறும் பெண்கள் ஆளைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். கை கழுவப் போய்ப் பிந்திவிட்ட என்னை ஒருத்தி பிடித்து இழுத்து, ஓராள் குறைந்த இடத்தில் இருத்திவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அவர்.

எழும்ப ஏலாது. மற்ற ஐந்து பேரும் பசியோடு எனக்காகக் காத்திருந்தவர்கள். மூடி திறந்தது. நான் என் முன்னால் இருந்த சோற்றை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தேன். நடுவில் கிடந்த பொரித்த கோழியைத் தொடவில்லை. அவர் ஒரு காலைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் கை நின்றது.

“அப்ப முந்தல்காரர் கோல் எடுக்கிற பிள்ளை நீங்கதானா?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்க எங்கட கொம்பனிக்கு வாறீங்களாமே ராத்தா?” என்று கேட்டுவிட்டேன். சுற்றியிருந்த நாலு பேரும் சோற்றை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அவர் ஒளிக்கவில்லை. கூப்பிட்டது உண்மை, ஏலாது என்று சொல்லிவிட்டதும் உண்மை என்றார். தன்னிடம் கருவி வாங்கியவர்களே பழுதென்றால் என்னைத்தான் தேடுகிறார்கள் என்றும், வீட்டுக்குள் ஆளை வைத்துக்கொண்டு ரோட்டில் தேடுகிறீர்களே என்று எங்கள் பணிப்பாளரிடமே கேட்டதாகவும் சொன்னார். நீங்கள் அவரிடம் கேட்டீர்களா என்றார் பிறகு. தந்தால் எடுப்பேன் என்றேன்.

“இந்தச் சஹன்லயும் நான் தள்ளி வெச்சபடியாத்தான் உங்களுக்கு இறைச்சி கிடைச்சிச்சு. எல்லா இடத்திலயும் நான் இரிக்க மாட்டன் தங்கச்சி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தபோது நானே கை நீட்டி எடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் பணிப்பாளரின் கதவைத் தட்டினேன். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு நாள் லீவுக்கு மூன்று தரம் வந்து நிற்கிறவர்கள் இருக்கும் இடத்தில், நான் ஒரு வருடமாக வாய் திறக்காததால் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டாராம்.

“ஒரு வருஷமாச் செய்யிறனே சேர், அது கேட்ட மாதிரி இல்லயா?”

குரல் கொஞ்சம் கூடிவிட்டது. தான் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். வியாழக்கிழமை கடிதம் கைக்கு வந்தது. ‘பதில்’ என்ற சொல் அதில் இல்லை. கதிரையின் பொலித்தீனை நானே கிழித்தேன். அதற்குள் கதை மாறிவிட்டது: சிலாபத்தில் எனக்கு இடம் கிடைத்ததாம், அதைக் காட்டிப் பணிப்பாளரை மிரட்டினேனாம். நான் மறுக்கவில்லை. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது உம்மா குசினி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார். அவர்களாகத் தந்தார்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இல்ல உம்மா. நான் கேட்டன்.”

ஏச்சு விழும் என்று நின்றேன். விழவில்லை. கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு அவர் திரும்பவும் கீரையை எடுத்தார். இரண்டு காம்பை உருவிப் போட்டார்.

“மகள், என்னை ஒருக்கா மன்னாருக்குக் கூட்டிக்கிட்டுப் போறியா?”

யுத்தம் முடிந்து பாதை திறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நானா இரண்டு தரம் போய்வந்தார். உம்மா வாய் திறந்ததில்லை. அதனால் அவருக்குப் போக விருப்பமில்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்து கீரைக் கட்டில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“நாளைக்கே லீவு கேக்கிறன் உம்மா” என்றேன்.