பெயர் மட்டும் பதிந்த பட்டியல்

ஒரு நல்ல தொழிலாளியின் வேலையைப் பறித்தவன் நான். எழுபத்தெட்டு வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

1991-இல் ஒரகடத்தில் இருந்த என் சிறிய பட்டறைக்குப் பெரிய ஆர்டர் பிடிக்கக் கம்ப்யூட்டர் வாங்கினேன். யார் செய்த உதிரிபாகங்கள் எத்தனை ரிஜெக்ட் ஆயின என்று அது பட்டியல் தந்தது. அதிக ரிஜெக்டோடு முதலில் இருந்த பெயர் ஏழுமலை. அவரை வேலையை விட்டு நிறுத்தினேன்.

“பழைய மிசினு வேற யார் கையிலயும் நிக்காதுன்னு நீங்கதான சார் எனக்குக் குட்த்தீங்க? பேர எழுதிக்கினீங்க, மிசின எழுதினீங்களா?”

உண்மைதான். ஆனாலும் குறையை நீக்கிவிட்டதாக அந்தப் பட்டியலைக் காட்டி ஆர்டரை வாங்கினேன்.

அடுத்த மாதம், அதே இயந்திரத்தில் நின்ற புது ஆள் பட்டியலில் முதலில் வந்தார். அவர் ஊரான பிள்ளைப்பாக்கம் போய் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குக் கூப்பிட்டேன்.

“இப்ப கம்ப்யூட்டர் சொல்லிச்சா சார்? அன்னிக்கு நான் சொன்னது காதுல வுழலியா?”

அன்றிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இயந்திர எண்ணைப் பதிகிறோம். பட்டறை வளர்ந்தது. ஏழுமலை திரும்பி வரவேயில்லை.