பிரேக்கை மிதித்தவள்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பழைய அமெரிக்கக் காரை ஆசைப்பட்டு வாங்கினேன். பிரேக் சரியில்லை. உடைந்த கார்கள் கிடக்கும் யார்ட்டில் கழற்றிய டிஸ்க் பிரேக்கை காரின் முன்சில்லுகளுக்கு நானே பூட்டினேன். பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் அடைபட்ட காற்று போக, ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க வேண்டும். நான் சில்லடியில், காற்று வெளியேறும் ஒரு சிறிய திருகாணியைத் திறந்து மூடுவேன். வேலையால் வந்த மனைவி, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் ஏறி இருந்தாள்.

இரண்டு மணி நேரம் மிதித்தும் பெடல் பஞ்சாகவே அமிழ்ந்தது.

"வடிவா மிதியுமப்பா! இதுகூடத் தெரியாதோ?" என்று கத்தினேன்.

அவள் இறங்கி வந்து, என் பக்கத்தில் குந்திப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, காத்து மேலதானே போகும்? உந்த ஆணி ஏன் கீழ கிடக்கு?"

இடப்பக்கத்துப் பிரேக்கை வலப்பக்கமும், வலப்பக்கத்ததை இடப்பக்கமும் பூட்டியிருந்தேன். மேலே இருக்கவேண்டிய ஆணி அதனால்தான் கீழே போயிருந்தது.

மாற்றிப் பூட்டி, அவள் மறுபடி மிதித்ததும் பெடல் கல்லாக இறுகியது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சாவியை அவளிடம் நீட்டினேன். தெருமுனையில் காரை அலுங்காமல் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"இப்ப வடிவா மிதிக்கிறனோ?"

"ஓம்" என்றேன்.

இன்றைக்கும் யார்மீதாவது கத்த வாயெடுத்தால், முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறேன்.