அத்தை கொடுத்த பவர்

வீட்டுமனைத் தரகராக லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிடும். போன வாரம் உறவுக்காரர் ஒருவர் தன் மருமகனுக்காகக் கேட்டார். படிவம் எங்கே கிடைக்கும், என்ன தகுதி வேண்டும் என்று ஒரே விசாரணை. படிவத்தைப் பற்றித் தெரியாது, தகுதியைப் பற்றி நன்றாகத் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சுக் கிளம்பிய எழுபதுகள் அவை. ஆடுகூடத் திரும்பிப் பார்க்காத மேட்டு நிலத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து அம்பாசிடர் காரில் ஆட்கள் வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கூலிக்குக் கழனியில் இறங்கியவர்கள். நான் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஸ்டாம்ப் கடையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ் ஒன்று தொங்கும். முத்திரைத்தாள் விற்பதற்காகக் கடைக்காரருக்குச் சர்க்கார் கொடுத்தது. நிலத் தரகுக்கு அந்த நாளில் லைசென்ஸ் என்று ஒன்றுமே கிடையாது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு தரகர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை கிடையாது. படிக்கத் தெரியாத ஜனங்கள் மேலே கண்ணாடியைப் பார்த்தார்கள், கீழே ஆளைப் பார்த்தார்கள், சர்க்கார் வைத்த தரகர் என்று நம்பிக் கும்பிட்டார்கள். அவரும் ஒருநாள்கூட இல்லை என்று சொன்னதில்லை.

எனக்கு அந்தக் கண்ணாடிமேல் ஆசை. ஸ்டாம்ப் லைசென்ஸுக்கு நானும் மனுப் போட்டேன். சொத்து உள்ளவர் ஒருவரின் ஜாமீன் கையெழுத்தோடு வரச் சொன்னார்கள். அப்பா தான் வேலை செய்த நிலத்துக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். “உன் புள்ள லைசென்ஸு வாங்கிக்கினா என் கழனியில எவன்டா எறங்குவான்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார் அந்த மனுஷர். அப்பா அதை எங்களிடம் சொன்னபோது தலை நிமிரவே இல்லை.

இது தரகர் காதுக்குப் போயிற்று. “எதுக்கு கண்டவன் ஊட்டு வாசல்ல நின்னுகினு கீறீங்க? ஜாமீன் நான் போடறேன். ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட உங்க அத்தைக்கு ஒரு ஏக்கரா கீது இல்ல? அதுக்கு என் பேருல ஒரு பவர் வாங்கிக் குடு, போதும்” என்றார்.

பவர் என்றால் பொது அதிகாரப் பத்திரம். அதை எழுதிக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் உரியவரைக் கேட்காமலே அந்த நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அத்தை, என் அப்பாவின் அக்கா, அந்த நிலத்தை விற்கவே மாட்டாள். மாமா செங்கல் சூளையில் நெஞ்சு கெட்டுப்போகும்வரை உழைத்து வாங்கியது அது. அவர் போன பிறகு தனி ஆளாக அதில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். விலை பேச வந்த இரண்டு பேரை, “வித்துட்டு நான் இன்னா மண்ணயா துன்றது?” என்று துடைப்பத்தோடு துரத்தியிருக்கிறாள்.

எங்கள் தெருவில் அப்போது கரண்ட் இல்லை. வரப்போகிற தொழிற்சாலைகளுக்காக அக்கம்பக்கத்தில் கம்பம் நட்டார்கள். நட வந்த ஆட்கள் பவர் லைன், பவர் லைன் என்று சொல்லிச் சொல்லி, எங்கள் ஜனங்கள் வாயில் கரண்டுக்கே பவர் என்று பெயராகிவிட்டது. யார் நிலத்தில் கம்பம் நிற்கிறதோ அவர் வீட்டில்தான் முதலில் விளக்கு எரியும் என்று ஒரு புரளி வேறு.

தரகர் என்னோடு அத்தை வீட்டுக்கு வந்தார். “உங்க நெலத்துக்கு ஒரு பவர் போடணும்மா” என்றார். அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. சந்தேகம் தீர்த்துக்கொள்ள என் பக்கம் திரும்பினாள்.

“பவர்னா கரண்டுதானே நைனா?”

தரகர் பேனா மூடியைத் திறந்து மூடினார். வாயைத் திறக்கவில்லை. அயோக்கியன், பொய்யை என் வாயால் சொல்ல வைத்தான்.

“ஆமா அத்த” என்றேன்.

பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். எழுதுகிறவனைத் தவிர யாருக்கும் புரியக்கூடாது என்பதற்காகவே உண்டான தமிழ் அது. அவளோ புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கும்போது, சம்மதம்தானா என்று கேட்டார்கள். “பவர் குடுக்கறதுன்னா யார்னா வாணாம்பாங்களா சாமி?” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கே என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தது, லைசென்ஸும் வந்தது. சின்னதாக ஒரு கடை பிடித்து, கண்ணாடி போட்டு மாட்டினேன். அதற்குள் தரகர் நிலத்தை விற்றுவிட்டார். அடுத்த விதைப்புக்கு அத்தை போனபோது சுற்றிலும் முள்கம்பி வேலி. அவள் கொடுத்த பவரை வைத்து நிலம் விற்றாகிவிட்டது என்று சொல்லிக் காவல்காரன் உள்ளே விடவில்லை. விதைக்கடலைக் கூடையை இடுப்பில் வைத்தபடி நேராக என் கடைக்கு வந்தாள்.

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் சுவரில் தொங்கிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கோசரமா?” என்றாள்.

சொத்து உள்ளவர் ஜாமீன் கேட்டார்கள், நம்ம ஆளுங்களில் சொத்து உள்ளவர் யார் இருக்கிறார்கள், வேறு வழி தெரியவில்லை என்று உளறிக்கொட்டினேன்.

“நான் இல்லியாடா?” என்றாள். “ஒரு ஏக்கரா வெச்சிருந்தேனே. என்னாண்ட கேட்டிருந்தா அந்தக் கைநாட்ட உனுக்கே வெச்சிருப்பேனே.”

அப்பா ஊரான் வாசலில் போய் நின்றார், நான் ஒரு திருடன் காலைப் பிடித்தேன். கைநாட்டு வைக்கிற ஒரு பொம்பளை சொத்துக்காரி என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. தரகர்மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சம். மிச்சம் எல்லாம் இந்தப் புத்தியின் மேல்தான்.

சில வருஷம் கழித்து எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. அத்தை வீட்டுக்கு நானே மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கைநாட்டு வைக்க மை டப்பாவையும் நீட்டினேன். அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வாணாம் லைசென்ஸுகாரரே” என்றாள். “ஒரு தபா பவர் குடுத்ததே போதும்.”