பப்பாசிக் கொம்புக்கு முதற்பரிசு

முதல் வரியிலேயே மீன் பாடினால் இராசாத்தி இரண்டு புள்ளிகளைக் குறைத்துவிடுவார். எழுதிய பிள்ளை எந்த வகுப்பாயினும் சரி, எழுத்து முத்து முத்தாக இருந்தாலும் சரி, "மீன் பாடும் தேனாடாம் எமது மட்டக்களப்பு" என்று கட்டுரை தொடங்கிய கணத்திலேயே அவருடைய சிவப்புப் பென்சில் தாளின் ஓரத்துக்குப் போய்விடும். "மீன் பாடினாப் பாடட்டும் மகள். அது அதுட வேலை. நீ என்னத்தக் கண்டாய், அதச் சொல்லு" என்று, எழுதிய பிள்ளை எதிரில் நிற்பதைப் போலத் தாளோடு கதைப்பார்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களுள் ஒன்றில் அவர் உப தபாலதிபர். ஊரார் வாயில் 'போஸ்மாஸ்ரர் அக்கா'. நான் அவருக்குத் தபால் பிரித்துக் கொடுக்கும் உதவியாள். தபால்கந்தோர்க் கதவைச் சாத்திய பின்னர்தான் கட்டுரைக் கட்டை அவிழ்ப்பார். இடது உள்ளங்கையில் நக்கிக்கொள்ளச் சீனி, அருகில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணி, வலக்கையில் பென்சில். சீனி தாளில் ஒட்டக்கூடாது என்பதனால் பக்கத்தைப் புரட்டுவது முழங்கை.

வாசித்த கட்டுரைகளைச் சுவரோரத்தில் உள்ள தபால் பிரிக்கும் தட்டில் இடுவது அவரது முறை. சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட அத்தட்டில், பரவாயில்லை என்னும் தரத்தன களுவாஞ்சிகுடி அறைக்குப் போகும். நல்லன மட்டக்களப்புக்கு, மிக நல்லன கொழும்புக்கு. வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதியவற்றுக்கு, உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத கடிதங்கள் கிடக்கும் அடித்தட்டு. "இதுக்குச் சொந்தக்காரன் ஆர் எண்டு தெரியா" என்று சொல்லியபடியே அதிற் போடுவார். வெளிநாட்டு அறை நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது.

தபாற்காரர் ஒருவர் கட்டுரைப் போட்டிக்கு நடுவரானது சுனாமிக்குப் பிந்திய கதை. அப்போது வந்த தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பண்பாட்டின் மீது பெரும் பற்று இருந்தது. மாதந்தவறாது ஆரம்பப் பாடசாலையில் 'எமது பண்பாட்டு மரபு' என்று போட்டி வைத்தார்கள். பரிசாகப் புத்தகப் பை கொடுத்தார்கள். ஒரே பிள்ளை நாலு பை வைத்திருக்க, அடுத்த வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு நின்றது. ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே புள்ளி போடுகிறார்கள் என்று பெற்றோர் பாடசாலை வாயிலில் கூடிச் சத்தமிட்டனர். அதிபர் சிறில் பட்டினத்து மெதடிஸ்தர். சண்டை என்றால் தலைவலி வந்துவிடும் சுபாவம். அவர் கட்டுரைகளை அப்படியே கட்டித் தூக்கிக்கொண்டு தபால்கந்தோருக்கு வந்தார்.

இராசாத்தியை ஒருவரும் எதிர்க்கவில்லை. காரணம் அனைவர்க்கும் தெரியும். யுத்த காலத்தில் ஒரு தரப்பாரும் மறு தரப்பாரும் மாறி மாறி வந்து கடிதங்களைப் பிரிக்கச் சொன்னபோது, "பிரிக்கிறதெண்டா நீங்க பிரியுங்க. என்ட கை பிரிக்காது" என்று கட்டைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு நின்றவர் அவர். சுனாமி கடற்கரை வீதியை அள்ளிச் சென்ற பின், அந்த வீதி முகவரிக்கு வந்த கடிதங்களைக் கூடாரம் கூடாரமாகத் தேடிச் சேர்த்தவரும் அவரே. கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பவர் பரிசையும் உரியவரிடம் சேர்ப்பார் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையை இராசாத்தி தம் காதுத் தோட்டைவிடக் கவனமாகப் பேணி வந்தார்.

யுத்தம் முடிந்த மறு ஆண்டு வைகாசியில் அதற்கு ஒரு சோதனை வந்தது. நெடுநாள் நின்றுபோயிருந்த கொம்புமுறியை ஊரார் அவ்வாண்டு கண்ணகை அம்மன் கோயிலில் மீண்டும் நடத்தினார்கள். அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்வேன். ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். எந்தச் சேரி என்பது பிறந்த வீட்டோடு வருவது, மாற்ற முடியாது. இரு சேரியாரும் காட்டு மரத்தில் வளைந்த கொம்பொன்றைத் தேடி எடுத்து, ஒன்றுள் ஒன்றைக் கொளுவி, வடம் பூட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். தோற்றவரைப் பார்த்து வென்றவர் வசைப்பாட்டுப் பாடலாம். தோற்றவரும் திருப்பிப் பாடலாம். அவ்வசைக்குக் கோபிக்கக் கூடாது என்பது விதி. கோபிப்பது வழக்கம்.

இராசாத்தி தென்சேரி. கணவர் நல்லரத்தினம் வடசேரி. அவ்வாரம் முழுவதும் கணவருக்கு வீட்டில் மீன்தலை கிடைக்கவில்லை. தென்சேரிக்குக் கொம்பு தேடிக் கொண்டுவந்தவர் இராசாத்தியின் அண்ணன் கனகசிங்கம். வள்ளம் கட்டும் தச்சர். மரத்தில் தம்மை வெல்ல ஆளில்லை என்பவர். அவர் கொண்டுவந்த கொம்பு முதல் இழுவையிலேயே முறிந்தது. அன்று மாலையே வடசேரியார் பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

"பப்பாசித் தடியெடுத்துப் பந்தலுக்கு வந்தீங்களோ,
தென்சேரி மச்சான்மாரே, தேத்தண்ணி குடிச்சிப் போங்க."

பப்பாசி, அதாவது பப்பாளி, கையால் அழுத்தினாலே முறிகிற மென்தண்டு. அதன் பிறகு கனகசிங்கம் வடசேரித் தெருவால் போவதில்லை. கடையில் யாரேனும் பழம் விலை கேட்டாலே முகம் கறுத்துவிடும்.

இரண்டு மாதம் கழித்துப் பாடசாலையில் பண்பாட்டு வாரம் வந்தது. கட்டுரைகளில் பெயர் இராது, இலக்கம் மட்டுமே. இராசாத்தி வழமைபோல் மீன்களுக்குப் புள்ளி குறைத்துக்கொண்டே வந்தார். இடையில் ஒரு தாள் இப்படித் தொடங்கியது:

"எங்கள் ஊரில் கொம்புமுறி நடந்தது. இதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம்."

இராசாத்தியின் முழங்கை நின்றது. உள்ளங்கைச் சீனி இளகத் தொடங்கியது.

"தென்சேரிக் கொம்பைக் கனகசிங்கம் மாமா குழந்தைப்பிள்ளை மாதிரிச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார். இழுத்தவுடன் அது பப்பாசித் தடி போல முறிந்தது. மாமா முறிந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் சிரிப்புத்தான் கூட வந்தது."

எழுதியது வடசேரிப் பிள்ளை என்பதை அறிய இலக்கத்தைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. முதற்பரிசு கொடுத்தால், கணவனின் சேரிக்குச் சாய்ந்தார் என்பார்கள். கொடுக்காவிட்டால், அண்ணனைக் காத்தார் என்பார்கள். அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளைகள் மேடையில் வெட்கப்பட்டு முணுமுணுப்பதால், முதற்பரிசுக் கட்டுரையை நடுவரே ஊரார் முன் உரத்து வாசிப்பது அப்பாடசாலையின் நடைமுறை.

அவர் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார். இராச்சோற்றுக்கு முன் கணவரை இருத்தி, சேரிகளை மாற்றி, கனகசிங்கம் என்ற இடத்தில் நல்லரத்தினம் என்று போட்டு, முழுவதையும் வாசித்துக் காட்டினார்.

"இதென்ன புள்ள, என்னப் போட்டு நாறடிச்சிரிக்கி? ஆர் எழுதின?" என்று நல்லரத்தினம் பாயிலிருந்து எழும்பினார்.

இராசாத்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் என்னிடம் அதைச் சொன்னபோதும் சிரிப்பு அடங்கவில்லை. "அவருக்குக் கோவம் வந்திட்டு, எனக்குச் சிரிப்பு வந்திட்டு. மறுகா என்ன? ஆர்ட பேரப் போட்டாலும் வேலை செய்யிது. அப்ப கட்டுரை சரி." தாள் வெளிநாட்டு அறைக்குள் போனது.

இரகசியம் தங்கவில்லை. எழுதிய பிள்ளை ஐந்தாம் வகுப்பு மேனுகா. அவளுடைய தகப்பன், எதிர்க்கரைக்குப் போகும் பாதையில், அதாவது ஆளையும் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் மிதவையில், மகள் 'பப்பாசி' எழுதிய கதையைப் பெருமையோடு சொல்லித் திரிந்தார். மறுநாளே கனகசிங்கம் தபால்கந்தோருக்கு வந்து, தேவையில்லாத ஒரு முத்திரையை வாங்கிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, பப்பாசி எண்டு ஒரு சொல்லு மேடையில வந்திச்செண்டா நான் இந்த ஊர்ல இரிக்கமாட்டன்."

"எங்க போவீங்க அண்ணே?"

"மண்டூருக்கு."

"அது பாதையால இறங்கினா வாற இடம். இஞ்சருந்து போடுற கடிதம் நாளைக்கே வந்து சேரும். அங்கயும் பப்பாசி காய்க்கும்."

"உனக்குப் பகிடியா இரிக்கி. மரம் கொத்துறவன்ட மானம் எனக்குத்தான் தெரியும். நீ அந்தத் தாளத் தள்ளி வையி. அண்ணன் கேக்கிறன்."

"முத்திரையக் கசக்காதீங்க" என்றார் இராசாத்தி. கனகசிங்கம் முத்திரையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று இராசாத்தி சீனியில்லாமலே தேத்தண்ணியைக் குடித்ததை நான் கண்டேன்.

அடுத்து வந்தவர் அதிபர். "அக்கா, பரிசக் குடுங்க, நான் வேணாமெண்டு சொல்லயில்ல. அந்த ஒரு பந்திய மட்டும் விட்டுட்டு வாசிச்சா என்ன? எனக்கு ரெண்டு சேரியும் ஒண்டு. ரெண்டு பக்கத்தாரும் சேர்ந்துதான் கூரைக்குத் தகரம் தந்தவங்க."

"சேர், ஒருத்தர்ட கடிதத்த உடைச்சி, பாதிய எடுத்துப்போட்டு, மிச்சத்தக் குடுக்கச் சொல்லுறீங்களா?"

சிறில் நெற்றியைத் தடவிக்கொண்டு போனார்.

பரிசளிப்பன்று பிற்பகல் மண்டபம் நிறைந்தது. யாரும் சொல்லாமலே வடசேரியார் யன்னற்பக்கமும் தென்சேரியார் தெருப்பக்கமும் வாங்குகளில் அமர்ந்தார்கள். நடுவில் வடம் ஒன்றுதான் குறை. கனகசிங்கம் வந்திருந்தார். வராமலிருந்தால் பப்பாசியை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று முன்வரிசையிலேயே, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையோடு இருந்தார்.

இராசாத்தி ஒலிவாங்கியின் முன் நின்று கட்டுரையை வாசித்தார். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. தந்தி வாசிக்கும் குரல். 'வாயைத் திறந்துகொண்டு' என்ற இடத்தில் இரு பக்கமும் சிரித்தது. 'குழந்தைப்பிள்ளை மாதிரி' என்ற இடத்தில் யன்னற்பக்கம் மட்டும் சிரித்தது. அடுத்த வரி என்னவென்று எல்லார்க்கும் தெரியும். அவர் மூச்சு வாங்கவில்லை, சொல்லை விழுங்கவுமில்லை. "அது பப்பாசித் தடி போல முறிந்தது" என்று ஒவ்வோர் எழுத்தும் கடைசி வாங்கு வரை கேட்க வாசித்தார்.

யன்னற்பக்கத்தில் கூச்சல் எழுந்தது. நல்லரத்தினம் வாங்கில் தட்டிய தட்டில் முன்னாலிருந்தவரின் தொப்பி விழுந்தது. கனகசிங்கம் எழுந்தார். ஒருவரையும் பாராமல் வாசலை நோக்கி நடந்தார். தென்சேரிப் பெண்கள் கால்களை ஒடுக்கி வழிவிட்டனர். இராசாத்தி கூச்சல் அடங்கும் வரை பொறுத்து, விட்ட இடத்திலிருந்து, கண்ணாடியைப் போட்டதையும் கழற்றியதையும் வாசித்துக் கடைசி வரிக்கு வந்தார்.

"அடுத்த முறை தென்சேரி வெல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏனென்றால் எப்போதும் நாங்களே வென்றால் அவர்கள் விளையாட வரமாட்டார்கள்."

"அடி சக்கை! எங்களுக்குப் புள்ளையள் இரக்கப்படுதுகள்" என்று தெருப்பக்கத்திலிருந்து ஒரு கிழவர் தலையில் கை வைத்தார். இம்முறை இரு பக்கமும் சிரித்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்த கனகசிங்கம் மற்றக் காலை எடுக்காமல் நின்றார்.

இராசாத்தி மேனுகாவை அழைத்தார். புத்தகங்களையும் சான்றிதழையும் கொடுத்தார். "நல்லா எழுதிரிக்காய் மகள். கண்டத எழுதிரிக்காய். ஒரு சொல்லும் மாத்தாத" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினார். பிள்ளை தன் இருக்கைக்குப் போய்ச் சேரும் வரை பார்த்திருந்தார். பின்பு ஒலிவாங்கியில், "அண்ணே, அவடத்தயே நில்லுங்க. என்ட வேலை முடிஞ்சிது" என்றார்.

சேலையில் குத்தியிருந்த 'நடுவர்' என்னும் நாடாப் பூவைக் கழற்றினார். அதிபரின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். மேடையை விட்டிறங்கி, தெருப்பக்க வாங்குகளைக் கடந்து, வாசற்படியில் நின்ற அண்ணனின் பக்கத்தில் போய் நின்றார். கணவரும் மற்ற வடசேரியாரும் இருந்த பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, வசைப்பாட்டெடுப்பதற்கு முன் தாளம் பிடிப்பவர்களைப் போல, இரண்டு உள்ளங்கைகளையும் ஓங்கி ஒருமுறை தட்டினார்.