பிரசவ அறையில் ஒருவருக்கு மட்டுமே அனுமதி

பிள்ளை பெறும் வேலைக்கு முன்அனுபவம் கேட்க மாட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள்தாம் வீடு தேடி வந்து நம்மைப் பயமுறுத்திவிட்டுப் போவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் தோழிகளே, எட்டாம் மாதத்திலிருந்து எனக்கு ஒரே கவலை. எங்கள் மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர்தான் வரலாம். தனியாக மட்டும் என்னால் முடியாது. அந்த ஒருவர் யார்? மகள் அடுத்த பாலுக்கு எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பொம்மையும் அருணும்

பிரசவத்துக்குத் தயாராகும் வகுப்புக்குப் போனோம். பத்து ஜோடி, பத்து பிளாஸ்டிக் பொம்மை. என் கணவர் அருண் எல்லாரையும் முந்தி டயப்பர் மாட்டி, வகுப்பு நடத்திய தாதியிடம் கைதட்டு வாங்கினார். பத்து வருடம் கான்வென்ட்டில் படித்த நானோ கையைத் தூக்கி, எழுந்து நின்று, "மிஸ், என் பிள்ளைக்குத் தலை கழண்டுடுச்சு" என்றேன்.

பிறகு நிஜப் பிரசவத்தின் வீடியோ போட்டார்கள். மூன்றாவது நிமிடம் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். அருண் தரையில் கிடந்தார். குனிய முடியாமல் குனிந்து, வகுப்பில் கொடுத்த தாளால் விசிறினேன். கண்ணைத் திறந்தவர், "பிள்ளை பொறந்துருச்சா?" என்றார். தாதி புன்னகை மாறாமல் என் பக்கம் திரும்பினார். "மேடம், அன்னைக்குக் கூட வர உங்களுக்கு வேற யாராவது இருக்காங்களா?"

இரண்டு கிலோ பூண்டு

வேறு யார், அம்மாதான். ஆங் மோ கியோவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து என்னைத் தேக்கா சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். பத்தியச் சமையலுக்குச் சுக்கு, ஓமம், நல்லெண்ணெய், இரண்டு கிலோ பூண்டு. மளிகைக் கடைக்காரர் பூண்டை நிறுக்க நிறுக்க, அம்மா என்னைப் பெற்ற கதையை ஆரம்பித்தார். "இருபத்தாறு மணி நேரம்டி. உன் தலை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். டாக்டரே கையை விரிச்சுட்டாரு."

நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உள்ளே வந்தால் இதே கதையை அங்கேயும் முதலிலிருந்து சொல்வார் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. கடைக்காரர்தான் வாய் திறந்தார். "அக்கா, பூண்டு எவ்வளவு வேணும்னாலும் போடறேன். கதையை மட்டும் நிறுத்துங்க, எனக்கே இடுப்பு வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

ஆகவே அருணைத் தேற்றுவது என்று முடிவாயிற்று. பொறியாளர் அல்லவா, அவரே திட்டம் போட்டார். ரத்தம் பார்த்துப் பழக, ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடையைப் பார்ப்பது. முதல் வாரம் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணால். இரண்டாம் வாரம் ஐந்தடி, இரண்டு கண்ணாலும். மூன்றாம் வாரம் கடைக்கு நேர் எதிரே நின்று, ஈரல் வெட்டுவதை முழுசாகப் பார்த்தார். அவர் மயங்கினால் மூக்கில் காட்ட, நான் மருந்து எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறந்தபடி பின்னால் நின்றேன்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, மூணு வாரமா வர்றீங்க. ஒண்ணும் வாங்க மாட்டேங்கறீங்க, கண்ணு கலங்கி நிக்கறீங்க. செத்த ஆடு உங்களுக்கு உறவா?"

வரிசை எண்

ஒரு காலை, பொங்கோல் வீட்டில் தோசை சாப்பிடும்போது பனிக்குடம் உடைந்தது. டாக்சியில் மருத்துவமனை வாசலில் இறங்கிய பிறகுதான் பையை டிக்கியிலேயே விட்டது தெரிந்தது. அருண் டாக்சியின் பின்னாலேயே ஓடினார். நான் உள்ளே போனேன். முதலில் கண்ணில் பட்டது எண் கொடுக்கும் இயந்திரம். அழுத்தினேன், சீட்டு வந்தது, உட்கார்ந்தேன். வரிசையை மீறுவது பாவம் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லி வளர்த்த பெண் வேறென்ன செய்வாள்?

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துச் சீன ஆன்ட்டியிடம் "சாரி" என்றேன். நாலாவது சாரிக்கு அவர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். அது மருந்து வாங்கும் வரிசை. எனக்கு முன்னால் இன்னும் இருபத்திரண்டு பேர். அவர் எழுந்து ஓர் ஊழியரைக் கையசைத்துக் கூப்பிட்டு, சக்கர நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "நீ நம்பர் எடுத்தே, சரி. உன் பிள்ளை எடுக்கல லா."

பூன் கெங்

அம்மா பூண்டோடு வெளியே; டாக்சியைத் துரத்திப் பையை மீட்டு வந்த அருண் உள்ளே. எங்களுக்கு வாய்த்த தாதி மலர் அக்கா, தினமும் எல்லை தாண்டி ஜோகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர். அருண் என் காதை மட்டும் பார்ப்பது, வடகிழக்கு ரயில் பாதையின் நிலையங்களைச் சொல்வது, நிலையத்துக்கு ஒரு மூச்சு நான் விடுவது என்று ஏற்பாடு. கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்ட் வரை போய், பொங்கோலுக்குத் திரும்பி, ஆறு மணி நேரம் ஓடியது அந்த ரயில். யாராவது போர்வையைத் தூக்கினால் அவர் கை சில்லிட்டுப் போகும். இதோ விழப் போகிறார், இதோ நான் தனி ஆள் என்று வலியைவிட அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தள்ளச் சொன்ன நேரம் பார்த்து, பொத்தோங் பாசிருக்கு அடுத்து ஃபேரர் பார்க் என்றார். பிறர் காதில் விழப் பேசக் கூடாது என்று படித்தவள், அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி, "பூன் கெங்கை எங்க விட்டீங்க?" என்று கத்தினேன். மலர் அக்கா தலைகூட நிமிரவில்லை. "அங்க யாரும் எறங்கல லா. நீ தள்ளும்மா."

கத்தரிக்கோல்

மகள் அழுதாள். நானும் அழுதேன். தொப்புள்கொடியை வெட்ட அப்பாவை அழைத்தார்கள். இதைப் பற்றி எந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் யோசிக்கவே இல்லை. அருண் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "வேணாம்பா, அவங்களே வெட்டட்டும்" என்றேன். அவர் கத்தரிக்கோலை வாங்கினார், கண்ணை மூடவில்லை, வெட்டினார். பிள்ளையை என் நெஞ்சில் போட்ட பிறகுதான் அவர் முழங்கால் ஆடத் தொடங்கியது. மலர் அக்கா காலாலேயே ஒரு முக்காலியை அவர் பின்னால் தள்ளினார். "தம்பி, வேலை முடிஞ்சுது. இப்ப விழறதுன்னா விழுங்க, எங்க கை காலியாத்தான் இருக்கு."

ஆகவே தோழிகளே, அந்த ஓர் இடத்துக்குத் தைரியசாலியைத் தேடி அலையாதீர்கள். நம்மைவிட அதிகம் பயந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால், நமக்குப் பயப்பட நேரமே கிடைக்காது.